அரசைப் பதில் சொல்ல வைக்கும் அவை

கேள்வி இதுதான்: தேர்தலில் வென்ற கட்சிக்கு அவையில் பெரும்பான்மை இருக்கிறது, அது நினைத்த சட்டம் எப்படியும் நிறைவேறத்தான் போகிறது, அப்படியிருக்க, உலகெங்கும் நாடாளுமன்றங்கள் ஜனநாயகத்தை வலுப்படுத்துகின்றன என்று சொல்வதில் உண்மை எவ்வளவு?

நியாயமான ஐயம். அவையில் நடக்கும் கூச்சலையும் வெளிநடப்பையும் தொலைக்காட்சியில் மட்டுமே காணும் ஒருவருக்கு வேறு எண்ணம் தோன்ற வழியில்லை. என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மையினர் ஆதரவாக வாக்களிக்கும் நேரத்தில் ஒரு நாடாளுமன்றத்தின் அருமை வெளிப்படுவது குறைவு. எண்ணிக்கையில் சிறுத்தவர்களோ, ஆளும் கட்சிக்குள்ளேயே மனம் ஒப்பாத ஒருவரோ எழுந்து நின்று அரசைக் கேட்கவும், பதில் பெறவும், மிக அரிதான வேளைகளில் தடுத்து நிறுத்தவும் அங்கே வழி இருக்கிறதா என்பதைக் கொண்டே அதை அளக்க வேண்டும். அந்த வழிகள் பெரும்பாலும் யாரும் படிக்காத அவை விதிகளிலும் அரசமைப்பின் உட்பிரிவுகளிலும் இருக்கின்றன. அவ்வழிகள் கைவிடப்பட்ட நாடுகளில், கட்டடமும் சபாநாயகரும் இருந்தும் ஜனநாயகம் தேய்ந்திருக்கிறது.

அண்மைக்காலச் சான்றுகளில் தென் கொரியாவைவிடத் தெளிவானது எனக்குத் தெரிந்தவரை இல்லை. 2024 டிசம்பர் 3 இரவு, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அதைத் தொடர்ந்து வந்த முதல் ஆணை, தேசியப் பேரவை உட்பட எல்லா அரசியல் நடவடிக்கைகளையும் தடை செய்தது. ஆனால் கொரிய அரசமைப்பின் 77-ஆவது பிரிவு, ராணுவச் சட்டத்தை அறிவித்தவுடன் பேரவைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டால் குடியரசுத் தலைவர் அதை விலக்கியே தீர வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. 300 பேர் கொண்ட அவையில் 151 பேர் உள்ளே வந்து சேர்ந்தால் போதும். அந்த இரவின் போராட்டம் முழுவதும் அந்த எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. வாயில்கள் அடைக்கப்பட்டதால் சபாநாயகர் வூ வொன் ஷிக் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றார். பல உறுப்பினர்களும் அவ்வாறே சென்றனர். ஜன்னல்களை உடைத்து நுழைந்த படையினரை, மேசை நாற்காலிகளை அடுக்கியும் தீயணைப்பான்களைப் பீய்ச்சியும் உதவியாளர்களும் பேரவை ஊழியர்களும் தாமதப்படுத்தினர். வெளியே ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்றனர்.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி வேறொன்று. படையினர் கட்டடத்துக்குள் இருந்தபோதும், நடைமுறைப் பிழை ஏதும் நேர்ந்து பின்னர் தீர்மானம் செல்லாது என்று ஆகிவிடக் கூடாது என்பதில் சபாநாயகர் உறுதியாக இருந்தார். தீர்மானம் முறைப்படி நிகழ்ச்சி நிரலில் ஏறும்வரை பதற்றத்தோடு காத்திருந்து, அதன் பிறகே வாக்கெடுப்பு நடத்தினார். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், அவையில் இருந்த 190 பேரும் ஒருமனதாக ராணுவச் சட்டத்தை விலக்கக் கோரினர். அவர்களில் 18 பேர் குடியரசுத் தலைவரின் சொந்தக் கட்சியினர். விடியும் முன்பே ராணுவச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளுடன் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து அகற்றியது.

காகிதத்தில் விதி இருந்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. 1980 மே மாதத்தில் இதே நாட்டில் ராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, படையினர் பேரவையை அடைத்து உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. அடுத்த நாள்களில் குவாங்ஜூ நகரில் சிந்திய ரத்தத்தைக் கொரியர்கள் மறக்கவில்லை. 2024-இல் மதிலேறிய தலைமுறைக்கு அந்த நினைவு இருந்தது; அந்த உட்பிரிவு எதற்காக இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. விதியும் அதை உயிரெனக் கருதும் மனிதர்களும் ஒருசேர இருந்த இடத்தில் ஜனநாயகம் ஆறு மணி நேரத்துக்குள் தன்னை மீட்டுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான காட்சி 1933 மார்ச் 23 அன்று பெர்லினில் நடந்தது. நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானதால் குரோல் ஓபரா அரங்கில் கூடிய ஜெர்மன் அவை, ஹிட்லரின் அமைச்சரவை நாடாளுமன்றம் இன்றியே சட்டம் இயற்ற அனுமதிக்கும் சட்டத்தை 444-க்கு 94 என்ற கணக்கில் நிறைவேற்றியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் முன்பே கைது செய்யப்பட்டோ விரட்டப்பட்டோ இருந்தனர்; நாஜி அடியாட்கள் அரங்குக்குள்ளேயே நின்றனர். எதிர்த்து வாக்களித்த 94 பேரும் ஓட்டோ வெல்ஸ் தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சியினர். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை என்ற நிபந்தனை சடங்காக நிறைவேறியது. அவை தன்னைத்தானே முடித்துக்கொண்டது.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை எழுதியவர்கள் இதிலிருந்து பாடம் கற்றார்கள். நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கோரினாலே அவை விசாரணைக் குழு அமைத்தாக வேண்டும் என்று 44-ஆவது பிரிவில் எழுதினார்கள். அதாவது, அரசைத் துருவிப் பார்க்கும் அதிகாரம் அரசின் ஆதரவாளர்களுடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிதிநிலைக் குழுவின் தலைமையைப் பெரிய எதிர்க்கட்சிக்கு அளிப்பது அங்கு நெடுங்காலம் மரபாக இருந்தது. ஒரு பிரதமரை வீழ்த்த விரும்புவோர் அடுத்தவர் யார் என்பதையும் அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற விதியால், 1982-இல் ஹெல்மட் ஷ்மிட் நீக்கப்பட்டு ஹெல்மட் கோல் வந்த மாற்றம் ஒரே நாளில் அமைதியாக நடந்தது.

தமிழர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்ல ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை. இலங்கையில் 1977 தேர்தலில் 168 இடங்களில் 140-ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சியின் பாராளுமன்றம் என்ன செய்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1978-இல் புதிய அரசமைப்பை நிறைவேற்றியது. 1980-இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை வாக்கெடுப்பால் பறித்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து தேதியிடாத பதவி விலகல் கடிதங்களைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன வாங்கி வைத்துக்கொண்டார். பொதுத் தேர்தல் நடத்த வேண்டிய கட்டத்தில், 1982 டிசம்பரில் மக்களிடம் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தி, அதே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். 1983 கறுப்பு ஜூலைக்கு அடுத்த மாதம், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் உறுதிமொழியைக் கட்டாயமாக்கும் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். அதுவரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கம். வடக்கு கிழக்கு மக்கள் வாக்களித்து அனுப்பிய குரல் அவையிலிருந்து சட்டப்படி வெளியேற்றப்பட்டது. ஒவ்வொரு படியும் விதிப்படி நடந்தது. அவற்றின் மொத்த விளைவு என்ன என்பதை அடுத்த கால் நூற்றாண்டு காட்டியது.

அதே நாட்டின் 2018-ஆம் ஆண்டு அனுபவத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார், அவையை ஒத்திவைத்தார், பெரும்பான்மை திரளவில்லை என்றானதும் நவம்பர் 9 அன்று கலைத்தார். 2015-இல் வந்த 19-ஆவது திருத்தத்தின்படி, நான்கரை ஆண்டுகள் முடியும் முன் அவையைக் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் தேவை. உச்ச நீதிமன்றம் கலைப்பை இடைநிறுத்தியது. மிளகாய்த் தூள் வீசப்பட்ட அவைக்குள் காவலர் சூழ நுழைந்து சபாநாயகர் கரு ஜயசூரிய நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். 225 பேர் கொண்ட அவையில் 122 பேர், ராஜபக்ச பதவியில் நீடிப்பதை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தனர். அந்த வழக்கில் முன்னிலை மனுதாரர் இரா. சம்பந்தன். 1983-இல் அவையை விட்டு வெளியேற நேர்ந்த கட்சியின் வழிவந்த ஒருவர், 35 ஆண்டுகளுக்குப் பின் அதே அவையின் உரிமையைக் காக்க நீதிமன்றம் சென்றார் என்பதை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன். ஆனால் 2020 அக்டோபரில், அடுத்த பாராளுமன்றம் 156 வாக்குகளால் 20-ஆவது திருத்தத்தை நிறைவேற்றி அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதியைத் தானே கழற்றி எறிந்தது.

இவையெல்லாம் நெருக்கடிக் காலக் கதைகள். ஜனநாயகம் பெரும்பாலும் சாதாரண நாள்களில்தான் வளர்கிறது அல்லது அரிக்கப்படுகிறது. அங்கே முதன்மையானது பணம். மக்களின் வரிப்பணம் எதற்கு ஒதுக்கப்பட்டதோ அதற்குத்தான் செலவானதா என்று பின்னோக்கிப் பார்க்க, 1861-இல் கிளாட்ஸ்டனின் முயற்சியால் பிரிட்டனில் பொதுக் கணக்குக் குழு உருவானது. இந்தியாவிலும் அத்தகைய குழு உண்டு: மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளை அது ஆராய்கிறது. 1967 முதல் அதன் தலைவர் பொறுப்பு எதிர்க்கட்சிக்கே அளிக்கப்படுகிறது. எழுதாத மரபாகத் தொடங்கி இன்றுவரை நிலைத்திருக்கிறது. செலவழித்தவரே கணக்கையும் சரிபார்க்கக் கூடாது என்ற எளிய நியாயம்தான் இதற்கு அடிப்படை.

கேள்வி கேட்பதன் வலிமையை இந்திய நாடாளுமன்றத்தில் முதன்முதலில் முழுமையாகக் காட்டியது 1957-இல் எழுந்த முந்த்ரா விவகாரம். முந்தைய ஆண்டுதான் நாட்டுடைமையாகி உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. அவை தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள். மக்களவையில் இதை ஆதாரங்களோடு எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. நாடாளுமன்றம் தான் உருவாக்கிய நிதி நிறுவனத்தைத் தானே கண்காணிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா பொதுவெளியில் விசாரணை நடத்தினார். சில வாரங்களில் அறிக்கை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையிலிருந்து சென்றவர், திறமைசாலி, நேருவுக்கு நெருக்கமானவர். இவற்றில் எதுவும் அவரைக் காக்கவில்லை. அரசு கவிழவும் இல்லை. ஓர் உறுப்பினர் தன் கட்சியின் அரசைக் கேட்டார். அரசு பதில் சொன்னது. நாடு அதனால் தாழ்ந்துவிடவில்லை.

இன்று அத்தகைய ஒருவரைக் காண்பது ஏன் அரிதாகிவிட்டது? 1985-இல் 52-ஆவது திருத்தத்தால் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. பதவிக்காக இரவோடு இரவாகக் கட்சி மாறுவதைத் தடுக்கும் அதன் நோக்கம் நல்லது. ஆனால் கொறடா உத்தரவை மீறி எந்த மசோதாவில் வாக்களித்தாலும் பதவி போகலாம் என்று அது விரிவாக எழுதப்பட்டதால், தொகுதி மக்களுக்காகச் சிந்திக்க வேண்டிய உறுப்பினர் கட்சித் தலைமையின் வாக்குச் சீட்டாகச் சுருங்கிவிட்டார். கேள்வி கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மைதான்; ஆனால் வாக்குரிமை பூட்டப்பட்டவரின் கேள்விக்கு அமைச்சர்கள் அஞ்ச வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

இதை ஈடுகட்டக்கூடிய இடம் நிலைக்குழுக்கள். 1993-இல் துறைவாரியாக அமைக்கப்பட்ட இவற்றில், கேமராக்கள் இல்லாத அறையில், கொறடாவின் கட்டுப்பாடு இல்லாமல், எல்லாக் கட்சியினரும் சேர்ந்து அதிகாரிகளையும் வல்லுநர்களையும் விசாரிக்க முடிகிறது. 15-ஆவது மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17-ஆவது மக்களவையில் அது ஆறில் ஒன்றாக வீழ்ந்தது. முதல் மக்களவை தன் காலத்தில் 677 நாள்கள் கூடியது. 17-ஆவது, பெருந்தொற்றும் குறுக்கிட, 274 நாள்கள்தான். அதன் முழுக் காலத்திலும் அரசமைப்பு கோரும் துணை சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. இந்தச் சரிவை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

அதன் விலை என்ன என்பதற்கு வேளாண் சட்டங்களே சான்று. 2020 செப்டம்பரில், கேள்வி நேரம் நீக்கப்பட்ட ஒரு கூட்டத்தொடரில், மசோதாக்களைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாமல், வாக்குகளை எண்ணக் கோரிய கூச்சலுக்கிடையே மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் அவை நிறைவேறின. கோரியவர்கள் தம் இருக்கையில் இல்லை என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அந்தச் சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பஞ்சாப், ஹரியானா விவசாயிகளின் அச்சங்கள் ஒரு குழுவின் அறையில் சில வாரங்கள் கேட்கப்பட்டிருந்தால், அவர்கள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்திருக்கத் தேவை வந்திருக்காது என்றே நம்புகிறேன். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டபோதும் விவாதம் நடக்கவில்லை. கென்யாவிலும் இதுவே நேர்ந்தது. 2024 ஜூன் 25 அன்று புதிய வரிகளைக் கொண்ட நிதி மசோதாவை அவை நிறைவேற்றியது. அதே நாளில் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தனர், பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் குடியரசுத் தலைவர் ரூட்டோ மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். உறுப்பினர்கள் செய்ய வேண்டிய வேலையை உயிர் கொடுத்து இளைஞர்கள் செய்தார்கள்.

தன் கடமையைச் செய்யாத அவையை நீதிமன்றமே கண்டித்த நிகழ்வும் உண்டு. தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமாவின் என்காண்ட்லா வீட்டுக்கு அரசுப் பணம் முறைகேடாகச் செலவானது என்று அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொறுப்பான மக்கள் பாதுகாவலர் பதவியில் இருந்த துலி மடோன்செலா 2014-இல் அறிக்கை அளித்தார். ஆளும் கட்சிப் பெரும்பான்மை கொண்ட தேசியப் பேரவை அந்தப் பரிந்துரைகளை ஒதுக்கிவிட்டு சூமாவுக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. 2016 மார்ச் 31 அன்று அரசமைப்பு நீதிமன்றம், குடியரசுத் தலைவர் மட்டுமன்றிப் பேரவையும் அரசமைப்பை மீறியது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டில் சூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் ரகசிய வாக்கெடுப்புக்கு வந்தபோது 177 பேர் ஆதரித்தனர், 198 பேர் எதிர்த்தனர். தீர்மானம் தோற்றது, ஆனால் யார் எப்படி வாக்களித்தார் என்பது கட்சித் தலைமைக்குத் தெரியாது என்ற நிலை வந்தவுடன், ஆளும் கட்சியினரில் ஒரு பகுதியினர் வேறு முடிவெடுத்தனர் என்பது தெளிவாகியது.

நாடாளுமன்றத்தின் மேல் மக்களுக்கு மதிப்பு போய்விட்டால் அதை மூடுபவருக்குக் கைதட்டல் கிடைக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. துனீசியாவில் 2021 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர் கையிஸ் சையத் அவையை முடக்கியபோது பலர் தெருவில் கொண்டாடினர். கட்சிச் சண்டையாலும் பொருளாதாரத் தேக்கத்தாலும் அவ்வளவு சலித்திருந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் அவை கலைக்கப்பட்டது. அதிகாரம் குறைக்கப்பட்ட புதிய அவைக்கு டிசம்பரில் நடந்த தேர்தலில் ஏறத்தாழ பதினொரு விழுக்காட்டினரே வாக்களித்தனர்.

வெளியிலிருந்து வரும் உதவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1889-இல் பாரிஸில் தொடங்கிய நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியம், இன்று ஜெனீவாவிலிருந்து 180-க்கும் மேற்பட்ட நாடாளுமன்றங்களை இணைக்கிறது. ஆய்வு ஊழியர்களுக்குப் பயிற்சி, சிறைப்பட்ட உறுப்பினர்களின் மனித உரிமை, பெண் உறுப்பினர்களின் விகிதம் ஆகியவற்றில் தொடர்ந்து உழைக்கிறது. 1995-இல் உலக அளவில் 11 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு இப்போது 27 விழுக்காட்டைத் தாண்டியிருப்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் பெண்கள் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் அமர்ந்திருக்கும் ருவாண்டா அவை, குடியரசுத் தலைவர் பால் ககாமேயின் அரசைக் கடிந்து கேட்கும் அவை என்று யாரும் சொல்ல முடியாது. யார் அமர்கிறார்கள் என்பதும், அமர்ந்தவர் எதைக் கேட்க முடியும் என்பதும் தனித்தனியாகப் போராடிப் பெற வேண்டியவை.

இந்தியாவைப் பொறுத்தவரை, செய்ய வேண்டியவை பெரும்பாலும் முன்பே எழுதப்பட்டுவிட்டன. அவசரநிலையின் அனுபவத்துக்குப் பின் வந்த 44-ஆவது திருத்தம், மக்களவையின் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டாலே அவசரநிலையை மறுக்கும் தீர்மானத்துக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று விதித்தது. சிறுபான்மையினரின் கையில் ஒரு சாவியைக் கொடுக்கும் மனப்பக்குவம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் வரும் பதவி இழப்பை, அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே பரிந்துரைத்தது. மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் அறிவுப்படி வாக்களிக்கலாம் என்பதே அதன் பொருள். அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை; ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் அதைக் கையில் எடுக்கவும் இல்லை.